நாற்பத்தெட்டுப் பெட்டிகளில் போன சேதி

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. எது கெட்டுப்போனாலும் தப்பு தன்னுடைய புரோகிராமில் இருக்கவே முடியாது என்று நம்புவது. கரண்ட் சரியில்லை, கேபிள் சரியில்லை, பட்டனைத் தட்டிய ஆள் சரியில்லை என்று ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, கடைசியில்தான் தான் எழுதியதைத் திறந்து பார்ப்பார்கள். எனக்கு அந்த வியாதி இருபத்து நாலு வயதிலேயே முற்றிப் போயிருந்தது. எந்த அளவுக்கு என்றால், நான் விரும்பிய பெண் இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோதுகூட என் தலையெழுத்தைத்தான் நொந்துகொண்டேனே தவிர, என் புரோகிராமைச் சந்தேகப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் ‘சிஸ்டம்ஸ்’. (பதவியின் பெயரே அவ்வளவுதான். அதற்குப் பின்னால் மேனேஜர் என்று போடுவதா அசிஸ்டென்ட் என்று போடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை.) டிப்ளமோ முடித்துவிட்டு நல்லூரிலிருந்து சைக்கிளில் வந்து போய்க்கொண்டிருந்தேன். ஆபீசில் ஒரே ஓர் அறைக்குத்தான் ஏசி. அது யூனிக்ஸ் மெஷினுக்கு. ஏதோ ஒரு வெளிநாட்டு ஏஜென்சி கழித்துப்போட்டதை முதலாளி சல்லிசாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்குவதும் அந்த அறையில்தான்.

ஆபீஸ் திருப்பூரில். தையலும் பேக்கிங்கும் பத்து கிலோமீட்டர் தள்ளி, பெருமாநல்லூர் யூனிட்டில். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எத்தனை பீஸ் என்கிற பேக்கிங் லிஸ்ட்டை ஆபீசில் தயார் செய்து, பிளாப்பியில் போட்டு, கம்பெனி வேனில் கொடுத்தனுப்புவோம். டிரைவர் அதைச் சட்டைப்பையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு போவார். பாதி நாள் லிஸ்ட் போய்ச் சேரும். மீதி நாள் சுண்ணாம்புதான் போய்ச் சேரும்.

ஒருநாள் தூங்கி எழுந்த முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா சிஸ்டம்ஸு, அமெரிக்காக்காரன் ஒரு கம்பிய இழுத்து ஒலகத்தையே பேச வெக்கறானாமா. நம்முளுக்குப் பெருமாநல்லூரு வரைக்கும் பேசுனாப் போதும். முடியுமா, முடியாதா?”

“முடியுங்க” என்றேன். எங்கள் பக்கத்தில் கேட்டவர் முகத்தைப் பார்த்து வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை.

இரண்டு மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் புரோகிராமில் திறக்கிற வாய்க்கு சாக்கெட் என்று பெயர். (இதைச் சொன்னதும் முதலாளி எலக்ட்ரீஷியனுக்கு ஆளனுப்பினார்.) ஆபீஸ் யூனிக்ஸ் மெஷினில் அப்படி ஒன்றை நான் ஏற்கெனவே எழுதி, பக்கத்து அறையோடு பேசவைத்துப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். அதையே பெருமாநல்லூரில் புதிதாக வாங்கிய விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு. புத்தகத்திலும் இரண்டும் ஒன்றுதான் என்று போட்டிருந்தது. புகுந்த வீடும் உன் வீடு மாதிரிதான் என்று பெண்ணுக்குச் சொல்லி அனுப்புவார்களே, அந்த மாதிரி ‘ஒன்றுதான்’ அது என்று போன பிறகுதான் தெரிந்தது.

யூனிக்ஸில் நேராகப் போய் சாக்கெட்டைத் திறக்கலாம். விண்டோஸிலோ முதலில் தனியாக ஒரு கட்டளை கொடுத்து எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் எதைக் கேட்டாலும் முடியாது என்றுதான் பதில். யூனிக்ஸில் மூடுகிற கட்டளை அங்கே மூடாது. அதற்கு வேறு கட்டளை. அது தெரியாமல் நான் திறந்த வாயையெல்லாம் மூடாமலே விட்டுக்கொண்டு போனதில், தினமும் டீ நேரத்துக்குள் அந்தக் கம்ப்யூட்டர் மூச்சுமுட்டிப் படுத்துவிடும்.

அதைத் தட்டி எழுப்புவதற்கு அங்கே இருந்தவர்தான் ஸ்டெல்லா. (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.) யூனிட்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கம்ப்யூட்டரை வைக்கப் போன அன்று ஒருமுறையும், மோடம் மாட்டப் போன அன்று ஒருமுறையும் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் மேஜைக்கடியில் கேபிளோடு படுத்துக் கிடந்ததால், அவருடைய செருப்பை நன்றாக அடையாளம் தெரியும். மற்றபடி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் குரல்தான். நான் இங்கே ஒன்றைத் திருத்துவேன். அவர் அங்கே திரையில் என்ன வந்தது என்று போனில் படித்துச் சொல்வார்.

“சார், மீடியம் சைஸு பதினோராயிரத்தி எரநூத்தி அறுவத்தஞ்சு பீஸுன்னு காட்டுதுங்க.”

“எத்தனைங்க வரோணும்?”

“முந்நூறுதானுங்க. துணிய வேணா இன்னுங் கொஞ்சம் வாங்கச் சொல்லட்டுங்களா சார்?”

சிரிக்காமல்தான் கேட்டார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. கடைசியில் கண்டுபிடித்தேன். முந்நூறு என்றால் ஒரு இருநூற்று ஐம்பத்தாறும், மேலே ஒரு நாற்பத்து நாலும். எங்கள் பழைய மெஷின் பெரிய பகுதியை முதலில் எழுதும். அங்கிருந்த கம்ப்யூட்டர் சின்னதை முதலில் எழுதும். இங்கே எழுதியதை அங்கே தலைகீழாகப் படித்ததால் நாற்பத்து நாலு இருநூற்று ஐம்பத்தாறுகளும் ஒன்றும் ஆகிவிட்டது. இரண்டுக்கும் பொதுவான ஒரு வரிசைக்கு மாற்றி அனுப்பியதும் முந்நூறு முந்நூறாகவே போய்ச் சேர்ந்தது. “வந்துருச்சுங்க சார்!” என்று அவர் போனில் கத்திய கத்தலை நினைத்துக்கொண்டேதான் அன்று நல்லூர் வரை சைக்கிள் மிதித்தேன்.

அதன் பிறகு எனக்கு வேறொரு கஷ்டம் வந்தது. தப்புகள் குறையக் குறைய, போன் செய்யக் காரணமும் குறைந்துகொண்டே வந்தது. நன்றாக ஓடுகிற இடத்திலெல்லாம் நானே போய் நோண்ட ஆரம்பித்தேன். பெருமாநல்லூரில் போன் லைன் ஒன்றுதான், அதுவும் மோடத்தோடு சேர்ந்தது. மெஷின்கள் பேசினால் நாங்கள் பேச முடியாது. நாங்கள் பேசினால் மெஷின்கள் பேச முடியாது. போதாததற்கு அந்த போன் இருந்தது யூனிட் மேனேஜர் மேஜையில். நான் “அப்புறமுங்க?” என்று கேட்டால் அங்கே மேனேஜர் தொண்டையைக் கனைப்பது எனக்குக் கேட்கும்.

அதனால் கம்பெனி நன்மையைக் கருதி (அப்படித்தான் முதலாளியிடம் சொன்னேன்) புரோகிராமில் ஒரு சின்ன வசதியைச் சேர்த்தேன். பேக்கிங் லிஸ்ட் போகிற அதே வழியில் டைப் அடித்துச் சேதியும் அனுப்பலாம். வருகிற துண்டின் முதல் எழுத்து சேதிக்கான அடையாளமாக இருந்தால் ஸ்டெல்லாவின் திரையில் காட்டும். வேறு எதுவாக இருந்தாலும் அது பேக்கிங் சமாச்சாரம். நேராகச் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் செக்‌ஷனில் பெட்டி ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டருக்குப் போய்விடும்.

தமிழ் எழுத்தெல்லாம் அப்போது திரையில் வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொள்வோம். “சாப்டீங்களா”, “கரண்ட் போயிருச்சுங்க”, “இன்னைக்கு இங்க மழைங்க”. இவ்வளவுதான். ஆனால் பெருமாநல்லூரில் மழை என்று அவர் தட்டினால், திருப்பூரில் வெய்யிலில் உட்கார்ந்திருக்கிற எனக்குச் சட்டை நனைந்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளை எதற்காக வைத்தார்கள் என்று எரிச்சல் வரும். அவரைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. இத்தனைக்கும் பெருமாநல்லூர் என்ன அந்தமானா?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பேக்கிங் லிஸ்ட் போய் முடிந்த பிறகு அவரிடமிருந்து சேதி வந்தது. “ஞாயித்துக்கெழம என்னையப் பாக்க வர்றாங்க சார். கோயமுத்தூருக்காரங்க. ஊட்டுல சரின்னு சொல்லச் சொல்றாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?”

உள்ளே முதலாளியின் குறட்டையும் ஏசியின் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. இதை ஏன் அவர் என்னிடம் கேட்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் “யோசிச்சுச் சொல்றேனுங்க” என்று தட்டினேன். யோசித்தேன். ஸ்டெல்லா வீட்டார் மாதாகோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் சொன்னால் சட்டி பானை பறக்கும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது எழுத உட்கார்ந்தேன்.

அதுவரை நாங்கள் அனுப்பியதெல்லாம் ஒருவரி, இரண்டுவரி. இதுவோ எடுத்த எடுப்பில் சொல்லக்கூடிய விஷயமா? நலமா என்று கேட்டு, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, அவர் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லி, முகம் தெரியாத கோயம்புத்தூர் மாப்பிள்ளைக்கும் குறை வைக்காமல் எழுதினேன். எல்லா வார்த்தைக்கும் பின்னால் ஒரு ‘ங்க’. பாதிக்கு மேல் இப்படிப் போய், பிறகு இந்த வரி: “வர்றவருங்க நல்லவருங்களா இருந்துங்க, உங்களுக்கும் புடிச்சிருந்துச்சுங்கன்னா, சரின்னு சொல்லிருங்க.”

அதற்கடுத்துத்தான் விஷயமே. “ஆனா உங்களுக்குப் புடிக்கலீன்னா நான் இருக்கறனுங்க. உங்க கொரலக் கேக்காத நாளு எனக்கு நாளே இல்லீங்க. என்னைத் தவிர வேற யாருக்கும் சரின்னு சொல்லிறாதீங்க.”

ஆறுமுறை படித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினேன். போய்விட்டது என்று என் திரை சொன்னது. பதில் வரவில்லை. மணி அடித்து ஷிப்ட் முடிந்து, லைனும் அறுந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன சாப்பிட்டேன், எங்கே உட்கார்ந்தேன் என்று எதுவும் நினைவில்லை.

திங்கட்கிழமை காலை அவரே போன் செய்தார்.

“சார், நீங்க சொன்னாப்புலயே சரின்னு சொல்லிட்டனுங்க.”

“நான் சொன்னாப்புலீங்களா?”

“ஆமாங்க. நீங்க எழுதுனத நாலு தடவ படிச்சனுங்க. எனக்கு இத்தன மரியாதையா யாரும் எழுதுனதில்லீங்க சார்.” பிறகு கேட்டார்: “வேற ஒண்ணுமில்லீங்களே?”

முழுக்கப் படித்துவிட்டு, யோசித்து, கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் என்னத்தைச் சொல்வது? “ஒண்ணுமில்லீங்க. சந்தோசமுங்க” என்றேன். இதற்கும் ஒரு ‘ங்க’.

ஒரு மாதத்துக்குப் பிறகு கல்யாணம். ஆபீஸ் சார்பில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினார்கள். யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, “அந்தப் புள்ளகோட தெனமும் பேசுனது நம்ம சிஸ்டம்ஸுதானே” என்று முதலாளி என் கையில் கொடுத்தார். மேடையேறிக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு வந்தேன். அவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். பிரியாணி நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் இத்தாலியிலிருந்து பேக்ஸ் வந்தது. சரக்கு வந்து சேர்ந்ததாகவும், நாற்பத்தெட்டு அட்டைப்பெட்டிகளில் புரியாத வாசகம் ஒட்டப்பட்டிருப்பதாகவும், பெட்டிகளைக் கையாள்வது பற்றி ஏதேனும் எச்சரிக்கையா என்று தெரிவிக்கும்படியும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். கூடவே அந்த ஸ்டிக்கரின் நகல். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் மொத்தமும் கேட்க, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

“னா... உங்... களுக்குப்... புடிக்... கலீன்னா... நான் இருக்... கறனுங்க... ஏப்பா, இதென்னப்பா இத்தாலியா, தமிழா?”

கணக்குப்பிள்ளை எழுந்து வந்து பார்த்தார். டைப்பிஸ்ட் எழுந்து வந்து பார்த்தார். டீ கொண்டுவந்தவர் டீயைக் கொடுக்காமல் நின்று பார்த்தார். ‘கொரலக் கேக்காத நாளு’ வரும்போது எனக்குக் காது, கழுத்து, முதுகு எல்லாம் சூடாகிவிட்டது. பேக்கிங் சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணனைப் போனில் பிடித்து, இதை எப்படி ஒட்டினாய் என்று முதலாளி கேட்டார். அவர் சொன்ன பதிலை முதலாளி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: “பிரிண்டர்ல வந்துச்சுங்க, ஒட்டுனமுங்க. நாங்கூட இத்தாலி பாஷைன்னுதான் நெனச்சனுங்க. வார்த்தைக்கு வார்த்த ‘ங்க’ போட்டிருந்துச்சு. அவிய ஊருலயும் மரியாதை தெரிஞ்ச ஆளுக இருப்பாங்களாட்டன்னு நெனச்சுக்கிட்டனுங்க.”

அப்போதுதான் நான் என் புரோகிராமைத் திறந்தேன். இங்கிருந்து ஒரே மூச்சில் அனுப்பினால் அங்கேயும் ஒரே மூச்சில் வரும் என்று நம்பி எழுதியிருந்தேன். பக்கத்து அறைக்கு அனுப்பும்போது அப்படித்தான் வந்தது. மோடம் வழியாகப் போகும்போது, ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்துக்கு மேல் போனால் துண்டு துண்டாகத்தான் போகும். முழுவதும் வந்துவிட்டதா என்று கேட்டுக் காத்திருக்க வேண்டியது வாங்குகிற பக்கத்தின் வேலை. நான் கேட்கவில்லை. முதல் துண்டு ஸ்டெல்லாவின் திரைக்குப் போயிற்று. அது ‘சரின்னு சொல்லிருங்க’வோடும், ‘ஆனா’வின் முதல் எழுத்தோடும் நின்றுவிட்டது. இரண்டாவது துண்டுக்குச் சேதி என்ற அடையாளம் இல்லையாதலால் பிரிண்டருக்குப் போயிற்று. முந்தைய லிஸ்ட்டில் பெட்டிகள் நாற்பத்தெட்டு என்று இருந்ததால், நாற்பத்தெட்டு முறை அடித்துத் தள்ளியிருக்கிறது.

என் மெஷினில் கடிதத்தின் நகல் இருந்தது. முதல் துண்டில் எத்தனை ‘ங்க’ என்று எண்ணினேன். அறுபத்தொன்று. இங்கிலீஷில் தட்டினால் ஒவ்வொன்றும் மூன்று எழுத்து; மொத்தம் நூற்று எண்பத்து மூன்று. கப்பலேறிப் போன பகுதியோ நூற்று எழுபது எழுத்துகூட இல்லை. மரியாதையைக் குறைத்திருந்தால் விஷயம் முழுதும் உள்ளே வந்திருக்கும். அன்று அந்த ஏசி அறையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டு முதலாளி தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டார்.

“யாருக்கு எழுதுனதுப்பா?”

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“கல்யாணம் ஆயிருச்சா அந்தப் புள்ளைக்கு?”

“போன வாரமுங்க. கடிகாரம் குடுத்தமுங்களே.”

அவர் ரொம்ப நேரம் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “செரி கண்ணு, இத்தாலிக்காரனுக்கு ஒரு பதில் எழுதோணுமல்லோ” என்றார். எங்கள் பகுதியில் சரக்கு அனுப்பும்போது எழுதுகிற வாழ்த்து அது என்று நானே எழுதி, நானே பேக்ஸ் செய்தேன். அடுத்த சீசன் ஆர்டரில் இத்தாலிக்காரர் ஒரு வரி சேர்த்திருந்தார்: வாழ்த்து மிகவும் பிடித்திருந்தது, எல்லாப் பெட்டிகளிலும் தொடரட்டும். அதைப் புரோகிராமில் நிரந்தரமாக ஏற்றிவைத்தவனும் நான்தான். இரண்டு வருடம், என்னைத் தவிர வேறு யாருக்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள் என்று இத்தாலிக் கிடங்குக்காரர்களிடம் பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக்குச் சொல்லத்தான் வழியில்லை. சாக்கெட் தப்பைத் திருத்த எனக்கு நாலே வரி போதுமாயிருந்தது. அந்த நாலு வரியை மறக்க மட்டும் இன்றுவரை முடியவில்லை.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று. மனைவி சுமதியிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று முதல் வருடமே இதைச் சொல்லிவிட்டேன். (பெண் பெயரைக் கலாவதி என்றும் ஊரை அவிநாசி என்றும் மட்டும் மாற்றிக்கொண்டேன். ஊரும் பெயரும்தானே மறைத்தேன்.) அவளுக்கு ஏழு நாள் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒன்றைப் பாதி சொல்லி நிறுத்தினால் இன்றைக்கும் அவள் கேட்பது, “ஏனுங்க, மீதி கப்பல்ல வருதுங்களா?” பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் என்னவென்று சொல்லாமல் மழுப்பினால் நானே அதைத்தான் கேட்பேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கம்பெனி ஆட்களுக்கெல்லாம் மகள் கல்யாணப் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்த ஸ்டெல்லாவும் அவர் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். தலை நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. நான் “வாங்க, உக்காருங்க, எப்படி...” என்று ஆரம்பித்து, அதற்குமேல் வராமல் நின்றேன். சமையலறையிலிருந்து சுமதி, “மீதி கப்பல்ல வருதுங்களா?” என்றாள்.

வந்தவர்களுக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் விடுவாளா? டீயைக் கையில் கொடுத்துவிட்டு, அவிநாசிக் கலாவதியின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் வீட்டுக்காரர் நல்ல மனிதர். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் கேட்டார்.

“அந்த மீதியில என்னங்க எழுதியிருந்துச்சு?”

சுமதிக்கு அது மனப்பாடம். என்னைப் போலவே குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘நான் இருக்கறனுங்க’விலிருந்து கடைசி வரை ஒப்பித்தாள். ஸ்டெல்லா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அவிநாசிக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு இருந்துச்சுங்களே. ஏறி வந்திருக்கலாமுங்க.”

சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலிருந்து அவள் இந்தக் கதையை அந்த வரியோடுதான் முடிக்கிறாள். “அன்னைக்கு ஒரு அக்கா வந்து கேட்டாங்க பாருங்க” என்று சொல்லி முடித்ததும், கேட்டவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பி, ஆமாம், ஏன் பஸ் ஏறவில்லை என்று கேட்கிறார்கள். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன்.